முதலாம் இலக்கம்

கொம்பனித்தெருக் கண் சிகிச்சை நிலையத்தில்
மூன்று நாளாய்
முதலாம் இலக்கத்தை யாரும் அழைக்கவில்லை.
இரண்டு வந்தது, மணியோடு. மூன்று வந்தது.
ஒன்று மட்டும்
மூன்று மொழியிலும் ஒரே கறுப்பு.
தாதி சற்றுப் பொறுத்து, ஆள் வரவில்லையாக்கும் என்று
இரண்டை அழுத்துவார்.

நிரல் என்னுடையது.
வெள்ளவத்தையில் என் மேசையில்
நூறு தரம் ஓட்டிப் பார்த்தேன், நூறு தரமும் ஒன்று வந்தது.
சேவையகத்தோடு இணை,
ஒரு யன்னல் கேள்,
அதைத் திரையில் ஏற்றச் சொல்,
இரண்டு வினாடி தூங்கு,
வரை.
அந்த இரண்டு வினாடியை எழுதியதும் நான்தான்,
இரவு பதினொன்றரைக்கு,
கொத்து ரொட்டி ஆறிக்கொண்டிருக்க,
போதும் என்று நினைத்து.

அங்கேயுள்ள கணினி பழையது.
விடிய ஆறரைக்குக் கட்டிடம் முழுக்க ஆளிகள் விழ
மூச்சு வாங்கித்தான் எழும்பும்.
யன்னல் கேட்டேன்.
ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
கேட்டதை வாங்கி வரிசையில் வைத்தது.
திணைக்களத்தில் படிவம் கொடுத்தவர்களுக்குத் தெரியும்,
வாங்குகிற கை ஒன்று,
ஒப்பமிடுகிற கை இன்னொன்று,
இடையில் ஒரு மதியச் சாப்பாடு.
அதற்குள் நான் வரைந்துவிட்டேன்,
இன்னும் ஏறாத யன்னலில்
மிக நேர்த்தியான ஒரு 1.
சேவையகம் கோபிக்கவில்லை.
பிழை என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

"மூன்றாக்கு" என்றான் திலிண தொலைபேசியில்.
மூன்றாக்கினேன்.
அடுத்த நாள் மழை, மின்வெட்டு, ஜெனரேட்டர்.
நாலரை எடுத்தது.

நேரில் போனேன்.
முன்வரிசைக் கதிரையில் துவான் ஜுமாட்,
ஐந்தே முக்காலுக்கு வந்தவர்,
வியர்வையில் சுருண்ட துண்டில் ஒன்று.
திரையில் பதினேழு.
"உங்கட இலக்கம் வரேல்லையா?"
"வந்திருக்கும் மகள். எனக்குத்தான் வெளங்கல்ல.
அதுக்குத்தானே வந்த."

அன்றிரவு தூக்கத்தை அழித்தேன்,
நிரலிலிருந்தும்.
எண்ணாதே, கேட்டுக்கொண்டிரு என்று எழுதினேன்.
சுட்டி அசைந்தது என்று சேதி வரும், விடு.
அளவு மாறியது என்று வரும், குறித்துக்கொள்.
யன்னலுக்குச் சட்டம் பூட்டுகிறார்கள் என்று வரும், இரு.
இந்தப் பகுதி இப்போது வெளியே தெரிகிறது என்று
சேவையகம் தன் வாயால் சொல்லும்வரை
ஒரு புள்ளிகூட வைக்காதே.
சொன்னதும் வரை.
திரும்பச் சொன்னால் திரும்ப வரை,
முகம் சுளிக்காமல்.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு
கடைசி வரிசையில், பிளேன்டீயோடு, நான்.
திரை கறுப்பு.
மூன்று. நாலு.
எண்ணாதே என்று எழுதியவள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
கோட்டைக்குப் போகிற ரயில் கடந்தது,
கண்ணாடிக் கதவு நடுங்கி அடங்கியது.
ஆறு.
ஏழுக்குக் கொஞ்சம் முன்னால்
மூன்று மொழியிலும் ஒரே வெள்ளைக் கோடு.

ஒன்றை வைத்திருந்தவள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை,
காதில் பாட்டு,
மடியில் கைபேசி, குனிந்த தலை.
தொடக்கத்து ஒன்றுக்கு மணி வைக்க
எனக்குத் தோன்றவில்லை.
வாயைத் திறந்தேன்,
எந்த மொழியில் என்று யோசித்தேன்.

அதற்குள் பக்கத்துக் கதிரையிலிருந்து
இடக் கண்ணில் பஞ்சு ஒட்டிய ஒருவர்
அவள் தோளைத் தட்டினார்.
"ஒண்டு வந்துட்டு மகள். வெளங்குது."

அவள் எழுந்து போக,
துவான் ஜுமாட்
கையிலிருந்த எட்டை ஒருமுறை பார்த்துவிட்டு
மறுபடி திரையைப் பார்த்து உட்கார்ந்தார்.